டெங்குவுக்கு 38,000 ரூபாய்: ஜி.எச். போயிருக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சம்பளம் 18,000 ரூபாய், பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு எட்டு மாதம். போன மாதம் மகளுக்கு டெங்கு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 38,000 ரூபாய் பில். நகையை அடகு வைத்துக் கட்டினோம். ஜி.எச். போயிருக்கலாம் என்கிறார் கணவர். அங்கே போயிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்கிறார் மாமியார். இனி எங்கே போவது, டாக்டர்? மெடிக்கல் பாலிசி எடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பிள்ளை சுருண்டு கிடக்கும்போது யாருக்கும் கணக்குப் பார்க்க மனசு வராது அம்மா. ஆனால் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். டெங்குவுக்கென்று தனி மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சிறுநீர் போகிறதா, கை கால் சில்லிடுகிறதா, ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று விடாமல் கவனித்து, அதற்கேற்ப சலைனைக் கூட்டிக் குறைப்பதுதான் வைத்தியம். அரசுக் குழந்தைகள் வார்டில் நான் இருந்த காலமெல்லாம் மழைக்காலத்தில் ராப்பகலாக இதைத்தான் செய்தோம். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். அறை வாடகை, நர்சிங் சார்ஜ், டாக்டர் விசிட் என்றுதான் பெரும்பகுதி போயிருக்கும்.

சளி இருமலுக்கு ஜி.எச்., ஆபத்து என்றால் தனியார் என்பது நம் வீடுகளில் பழகிப்போனது. நான் நேர்மாறாகச் சொல்வேன். சாதாரணக் காய்ச்சலுக்கு ஓ.பி. வரிசையில் நின்று ஒரு நாள் கூலியை இழப்பதற்கு, பக்கத்துத் தெரு டாக்டருக்கு இருநூறு, முந்நூறு கொடுப்பது மேல். பெட்டில் சேர்க்க வேண்டும் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியிலும் டாக்டர் இருப்பார், 108 வண்டியும் இலவசம். கூட்டம் இருக்கும், ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைத்த நாட்களும் உண்டு. கழிப்பறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரசு இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். ஆனாலும் வைத்தியம் அங்கே மட்டமில்லை.

அப்புறம், அந்தப் பிடித்தம். கணவரின் சம்பளச் சீட்டில் 135 ரூபாய் இ.எஸ்.ஐ. என்று இருக்கிறதா பாருங்கள். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு அது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் போட வேண்டும். அதில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. திருப்பூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அட்டையில் உங்கள் மூன்று பேரின் பெயரும் ஏறியிருக்க வேண்டும், எத்தனையோ பேர் இதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். பிடித்தமே இல்லையென்றால் கம்பெனியில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் முடித்துவிட்டுப் பாலிசியை யோசிக்கலாம். எடுத்தால் அறை வாடகைக்கு வரம்பு உண்டா என்று கேளுங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் சேர்ந்தால், பல பாலிசிகளில் மற்றச் செலவிலும் அதே விகிதத்தில் வெட்டிவிடுவார்கள்.

மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் பூஸ்டர் ஊசி இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசம். நிமோகாக்கலுக்கு வெளியே ஆயிரக்கணக்கில் ஆகும்.

மகள் விஷயத்தில் கவனம். டெங்குவில் நான்கு வகை உண்டு. வேறு வகை இரண்டாம் முறை வந்தால் கடுமையாகலாம். காய்ச்சல் இறங்கும்போது வயிற்றுவலியோ, விடாத வாந்தியோ, அசதியோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடுங்கள்.