நாய், பூனை வளர்ப்பவர்களுக்குக் காட்டுயிர்கள் மீதும் அக்கறை தானாக வருமா?

செல்லப்பிராணி மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் காட்டுயிர்களையும் காப்பாற்ற நினைப்பார்களா என்பது கேள்வி. நினைப்பார்கள் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், எங்கள் மணி ஒரு வேலை பார்த்து வைக்கும் வரை.

வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். மணி நாட்டு நாய், செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். குட்டியாக மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றவனை, "இந்த ஒரு ராத்திரி மட்டும்" என்று அம்மா உள்ளே விட்டார். ஏழு வருடம் ஆகிறது. மீன் தலை போட்டுப் பிசைந்த சோறு இல்லையென்றால் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நாயைக் கட்டிப்போடுவது பாவம் என்பது எங்கள் வீட்டுக் கொள்கை. ராத்திரி அவன் பாட்டுக்குக் கரையில் சுற்றிவிட்டு விடியற்காலை வருவான்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதம். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் விடிந்தும் விடியாமல் வந்து, "தம்பி, உங்க நாய் என்னா பண்ணி வெச்சிருக்குன்னு வந்து பாரு" என்றார். போனேன். மணலில் ஒன்றரை அடிப் பள்ளம். சுற்றிலும் ஆமை முட்டைகள். கோழி முட்டை மாதிரி நொறுங்காது அது. தோல் போலத் துவண்டு, கிழிந்து, மஞ்சள் கரு மணலோடு ஒட்டிக் கிடந்தது. எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. மூக்கெல்லாம் மணலோடு மணி ஓடிவந்து என் காலில் உரசினான். கையை ஓங்கிவிட்டேன். பெரியவர் தடுத்தார். "அதுக்கு என்னா தெரியும்? நீ இல்ல கட்டி வெச்சிருக்கணும்."

அது பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்கிறார்களே, அதுதான். தை பிறந்தால் எங்கள் கரையில் ஏறத் தொடங்கும். இருட்டில் வந்து, பின்துடுப்பால் குழி பறித்து, நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும். காவல் இருக்காது. 45 முதல் 60 நாள் வரை மணல் சூடுதான் அடைகாக்கும். சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. மணிக்குச் சட்டம் தெரியுமா என்ன?

நாய் மட்டும்தான் எதிரி என்று சொல்லவில்லை. இழுவலையில் சிக்கும் பெரிய ஆமைகள் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் அப்படியே செத்துப்போகின்றன. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் கரை ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வலை என் கையில் இல்லை. மணி என் பொறுப்பு.

சரி, கேள்விக்கு வருகிறேன். தானாகவெல்லாம் வராது. பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஒன்றின் மேல் பாசம் வருவது சுலபம். முகமே பார்க்காத ஆமைக்காக அந்தச் செல்லத்தைக் கட்டிப்போட மனசு வருவதில்லை. பண்ருட்டியில் என் சித்தி கூண்டில் பச்சைக்கிளி வளர்த்தார். அதே சட்டப்படி அது குற்றம் என்றேன். "புள்ள மாதிரி பாத்துக்கறேன், இதுல என்னாடா குற்றம்?" என்றார். அவர் பாசத்தில் பொய் இல்லை, கிளிக்கு அதனால் பிரயோஜனமும் இல்லை.

இப்போது தை முதல் சித்திரை முடியும் வரை ராத்திரி மணிக்குக் கயிறுதான். முதல் வாரம் ஊளையிட்டே தெருவை எழுப்பினான். எதிர்வீட்டு அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஈடுகட்ட மாலையில் ஒரு மணி நேரம் நடை கூட்டிப்போகிறேன். முட்டைக் குழி கண்ணில் பட்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன். எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாப்பார்கள்.

போன வருடம் அங்கே குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். மணி என் செருப்பை முகர்ந்துகொண்டே இருந்தான், விடவே இல்லை. அதை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டுத்தான் சோறு வைத்தேன்.