மூன்ஷைன் மணத்தில் ஆப்பிள் வினிகர் பானம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்க மூன்ஷைன் ருசியில், போதையில்லாத ஆப்பிள் பானம் செய்ய முடியுமா?

தாராளமாக. வரிக்கும் 1920 முதல் 1933 வரை அமலில் இருந்த மதுவிலக்குக்கும் தப்பி, அப்பலாச்சிய மலைகளில் மறைவாகக் காய்ச்சிய மக்காச்சோளச் சாராயம்தான் மூன்ஷைன். அதனுடன் ஆப்பிள் சாறு, பழுப்புச் சர்க்கரை, பட்டை சேர்த்து ஜாடியில் ஊறவைத்தால் 'ஆப்பிள் பை மூன்ஷைன்'. அதன் அழகெல்லாம் ஆப்பிளும் பட்டையும் கலந்த மணத்தில்தான் இருக்கிறது. சாராயம் தொண்டையில் தரும் சுள்ளென்ற காரத்துக்கு ஈடாக வினிகரின் புளிப்பு நன்றாகவே நிற்கும்.

சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாறு 1 லிட்டர், விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 4, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி. சிறு தீயில் 20 நிமிடம் வைத்து இறக்குங்கள். நன்றாக ஆறியதும் வடிகட்டி, 5 சதவீத அமிலத்தன்மையுள்ள ஆப்பிள் வினிகர் 60 மில்லி ஊற்றுங்கள். 250 மில்லி தம்ளருக்கு ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி வினிகர் வரும். அதற்கு மேல் வேண்டாம். பட்டைத்தூள் போடாதீர்கள், பானம் கொழகொழத்துவிடும்.

வினிகரையும் சேர்த்தே கொதிக்கவைத்தால் என்ன?

நெடி மூக்கில் ஏறும், ஆப்பிள் வாசனை ஆவியோடு போய்விடும். ஆறிய பிறகே சேர்க்க வேண்டும்.

மூன்ஷைன் போல இதையும் மாதக்கணக்கில் ஊறவிடலாமா?

கூடாது. அங்கே சாராயமே காவல், கிருமி அண்டாது. இங்கே இருப்பது இனிப்புச் சாறும் கொஞ்சம் புளிப்பும்தான். இறுக மூடி வெளியே வைத்தால் நொதித்து, வாயு சேர்ந்து, ஜாடி வெடிக்கவும் கூடும். ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள்.

நானே ஆப்பிள் வினிகர் போடுகிறேன். மேலே ஏடு படிந்திருக்கிறது. கொட்டிவிடவா?

முதலில் உற்றுப் பாருங்கள். வழவழப்பாக, வெளிர் நிறத்தில், கரண்டியால் தொட்டால் நுங்குபோல் நழுவினால் அது வினிகர்த் தாய். சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக்குகிறது. அதைக் காற்றின் உதவியோடு அசிட்டிக் அமிலமாக்கும் பாக்டீரியாக்கள் நெய்யும் செல்லுலோஸ் படலம் இது. காற்று வேண்டும் என்பதால்தான் மூடிக்குப் பதில் துணி கட்டுகிறோம். பஞ்சுபோல் மயிர் முளைத்து, பச்சை, நீலம், கறுப்பு எனத் தெரிந்தால் பூஞ்சை. முழுவதையும் கொட்டிவிடுங்கள், மேலே மட்டும் வழித்தெடுப்பதில் பயனில்லை.

அந்தக் காலச் சாராயக்காரர்கள் ஜாடியைக் குலுக்கி, குமிழி எவ்வளவு பெரிதாக வந்து எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று பார்த்துக் காட்டம் சொல்வார்கள். வினிகருக்கு அப்படியொரு கண்மதிப்பு கிடையாது; நாக்கும் ஏமாற்றும். அமிலத்தன்மையை அளக்காத வீட்டு வினிகரைப் பானத்துக்குப் பயன்படுத்துங்கள், நாள்பட வைக்கும் ஊறுகாய்க்கு வேண்டாம்.

சாராயமே இல்லாமல் பழங்கால அமெரிக்கர்கள் குடித்த வினிகர் பானம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். பெயர் ஸ்விட்செல். வைக்கோலுக்காகப் புல் அறுக்கும் கோடையில், அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் வயல்களில் தாகத்துக்குக் குடித்தார்கள். தண்ணீர், வினிகர், இஞ்சி, கரும்புப் பாகு அல்லது மேப்பிள் பாகு, அவ்வளவே. ஒரு லிட்டர் தண்ணீருக்கு வினிகர் 60 மில்லி போதும். கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பாருங்கள். இஞ்சியோடு பிரமாதமாகச் சேர்கிறது.

தினமும் குடித்தால் எடை குறையுமா?

அதை நம்பிக் குடிக்காதீர்கள். எடை வெகுவாகக் குறைவதாகச் சொன்ன, 2024-இல் வெளியான லெபனான் ஆய்வை, வெளியிட்ட இதழே 2025-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. புளிப்பு பல் எனாமலைக் கரைக்கும் என்பதோ உறுதியான உண்மை. குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள், சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இந்தப் பானத்தில் சர்க்கரையும் கணிசம்.

எந்தப் பாத்திரத்தில் வைப்பது?

கண்ணாடி ஜாடி. செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகாது, வினிகர் அரித்துவிடும். தகர மூடியும் துருப்பிடிக்கும், ஆகவே பிளாஸ்டிக் மூடி போடுங்கள்.