பூத்த காட்டுக்குள் எந்த வாரம் போவது?

போன இதழில் லண்டன் ரிச்மண்ட் பூங்காவில் பூக்கும் அசேலியாக்களைப் பற்றி ஒரு வாசகருக்கு இரண்டே பத்தியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அசேலியாவும் ரோடோடென்ட்ரான் என்ற பெரிய பூச்செடிக் குடும்பத்தில் ஒரு பிரிவுதான், அதனால் இந்த முறை பதில்கள் முழுக்க ரோடோடென்ட்ரானுக்குத்தான்.

கே: ஏப்ரல் 20 முதல் ஜூன் முதல் வாரம் வரை கிங்ஸ்டனில் மகள் வீட்டில் இருப்போம். எந்த வாரம் போனால் பூக்களைப் பார்க்கலாம்? எனக்கு முழங்கால் வலி, ரொம்ப தூரம் நடக்க முடியாது. – வாசகி, மதுரை

ப: அம்மா, சரியான நேரத்துக்குத்தான் வருகிறீர்கள். உங்கள் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ரிச்மண்ட் பூங்காவுக்குள், இசபெல்லா பிளாண்டேஷன் இருக்கிறது. சுமார் 40 ஏக்கர், கட்டணம் கிடையாது. 1830-களில் ஓக், பீச் மரங்களை நட்டு, மான்கள் நுழையாமல் வேலி போட்ட இடம் அது. பிறகு அந்த மரங்களின் நிழலிலேயே தோட்டம் அமைத்து 1953-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும்தான் அங்கே அசேலியாக்களின் உச்சம். குளிர் நீண்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும், வெயில் சீக்கிரம் வந்தால் முன்னாலேயே பூத்துவிடும்.

காரில் போனால் புரூம்ஃபீல்ட் ஹில் நிறுத்துமிடம்தான் பக்கம். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். முழுத் தோட்டத்தையும் சுற்ற வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஸ்டில் பாண்ட் என்ற சின்னக் குளத்துக்கு மட்டும் போய் கரையோரம் நின்றாலே போதும். சுற்றிலும் கருஞ்சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று புதர் புதராகப் பூத்து நிற்கும், காற்றில்லாத காலையில் அத்தனையும் தண்ணீரிலும் தெரியும். மழை பெய்திருந்தால் ஓடையோரம் சேறாக இருக்கும், பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே தடவை போய்விட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடம் ஏப்ரல் நடுவில் நண்பர் குடும்பத்தோடு வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். முந்தின இரவு உறைபனி விழுந்திருந்தது. முந்தின நாள்வரை விரிந்திருந்த பூவெல்லாம் வடிகட்டிய தேயிலைத் தூள் மாதிரி பழுப்பாகித் தொங்கியது. திறக்காத மொட்டுகள் தப்பித்திருந்தன, மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அவைதான் பூத்திருந்தன. நீங்கள் மே கடைசிவரை இருப்பதால், விண்ட்சர் கிரேட் பார்க்கில் உள்ள வேலி கார்டன்ஸுக்கும் ஒரு நாள் போய்வாருங்கள். அங்கே நுழைவு இலவசம், கார் நிறுத்தத்தான் காசு. ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம், மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

கே: குன்னூர்ப் பக்கம் குளிர்காலத்தில் ரத்தச் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் ரோடோடென்ட்ரானும் ஒன்றுதான் என்கிறார்கள். உண்மையா? – வாசகர், கோத்தகிரி

ப: உண்மைதான். அது ரோடோடென்ட்ரான் அர்போரியம் என்ற இனத்தின் நீலகிரி வகை. தென்னிந்தியாவில் தானாக வளரும் ரோடோடென்ட்ரான் அது ஒன்றுதான். இலங்கையில் ஹோர்டன் சமவெளியில் இதன் இன்னொரு வகை இருக்கிறது. நேபாளத்தின் தேசியப் பூவும் உத்தராகண்டின் மாநில மரமும் இதே இனம். நடுவில் தக்காணம் முழுக்க இது கிடையாது, இமயத்தையும் வடகிழக்கு மலைகளையும் விட்டால் இந்தியாவில் நம் மலை உச்சிதான்.

ஆக, பிரிட்டன்காரர்கள் தோட்டம் போட்டு வளர்ப்பதை நீங்கள் சோலைக்காட்டின் ஓரத்திலேயே பார்க்கிறீர்கள். இங்கே பிரிட்டனில் இருக்கும் பழைய சிவப்புக் கலப்பினங்கள் பலவற்றுக்கு அந்த நிறமே இமயத்து அர்போரியத்திலிருந்து வந்ததுதான். ஜோசஃப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 1848 முதல் 1850 வரை சிக்கிம் மலைகளில் அலைந்து விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். அந்தப் பெட்டிகள் வந்த பிறகுதான் இங்குள்ள பெரிய வீட்டுக்காரர்களுக்கு ரோடோடென்ட்ரான் பைத்தியமே பிடித்தது.

ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை காட்டுப்பூவரசைப் பார்க்கும்போது பூவை விட்டுவிட்டு ஓர் இலையைப் பறிக்காமல் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மேலே தோல் மாதிரி வழவழப்பாக, அடியில் மெல்லிய கம்பளி ஒட்டியதுபோல இருக்கும். விரலால் தடவினால் தெரியும். இங்கே வருகிறவர்களிடமும் இதைத்தான் சொல்வேன், பூ இரண்டு வாரம்தான், அந்த இலை வருடம் முழுக்க இருக்கும்.

கே: உத்தராகண்டில் இதன் பூவில் சர்பத் குடித்தோம், அருமை. இங்கே தோட்டத்தில் உதிர்ந்த பூக்களைச் சேர்த்து அதே மாதிரி செய்யலாமா? – வாசகி, ஹாரோ

ப: தயவுசெய்து வேண்டாம். மலையில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு மரத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இங்கே ஒரே தோட்டத்தில் நூற்றுக்கணக்கான கலப்பினங்கள் இருக்கின்றன, எது எதோடு கலந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பல வகைகளின் இலையிலும் தேனிலும் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. கி.மு. 401-இல் கருங்கடல் ஓரமாகத் திரும்பிக்கொண்டிருந்த கிரேக்கப் படை வீரர்கள் அந்த ஊர்த் தேனைத் தின்றுவிட்டு நிற்க முடியாமல் விழுந்து கிடந்ததை, கூடவே இருந்த செனஃபோன் எழுதி வைத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளையும் நாயையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இலையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: வேல்ஸில் ரோடோடென்ட்ரானை வெட்டி எரிப்பதைப் பார்த்தோம். ஒரு பக்கம் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், இன்னொரு பக்கம் எரிக்கிறார்களே? – வாசகர், கார்டிஃப்

ப: எரிப்பது பாண்டிகம் என்ற ஓர் இனத்தைத்தான், ஜூனில் ஊதாவாகப் பூக்கும். 1763-இல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். வேட்டைப் பறவைகளுக்கு மறைவிடம் என்று எஸ்டேட் எஸ்டேட்டாக நட்டார்கள், ஈரமான மேற்குக் கரையில் அது கைமீறிவிட்டது. நம் ஊரில் உண்ணிச்செடி காட்டைப் பிடித்த கதைதான். அதன் அடியில் குனிந்து நுழைந்து பாருங்கள், பட்டப்பகலில் இருட்டாக இருக்கும், தரையில் ஒரு புல் கிடையாது. ஓக் விதை முளைத்தாலும் வெளிச்சமில்லாமல் சாகும். இப்போது நிற்கும் கிழ ஓக்குகள் விழுந்தால் அடுத்த தலைமுறை மரமே அங்கே இருக்காது. போதாக்குறைக்கு, லார்ச் மரங்களைச் சாகடிக்கும் பைட்டாஃப்தோரா நோயும் அதன் இலையில் பெருகிப் பரவுகிறது. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும் என்பதால், வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. பூ அழகுதான், ஆனாலும் நான் வெட்டுகிறவர்கள் பக்கம். நிழல் தரும் மரம் இல்லையென்றால் அடுத்த ரோடோடென்ட்ரானை எதன் கீழே நடுவது?

கே: தொட்டியில் வாங்கிவைத்த அசேலியாவின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லையா? – வாசகர், குரோய்டன்

ப: உரம் காரணமில்லை, குழாய்த் தண்ணீர்தான். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலை மாதிரி இதற்கும் புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஏறினால் இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாது. மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள். எரிகேசியஸ் கம்போஸ்ட், அதாவது புளிப்பு மண் கலவை, என்று கேட்டு வாங்கித் தொட்டியை மாற்றுங்கள். வேர் மேலாகவே பின்னிக்கிடக்கும், ஆழப் புதைக்காதீர்கள், கொத்திவிடாதீர்கள். மேலே காய்ந்த இலைமட்கைப் பரப்பினால் போதும், காட்டில் அதற்குக் கிடைப்பது அதுதான்.

கே: ஒரே ஒரு சனிக்கிழமைதான் லீவு, மே மாதம், கார் இருக்கிறது. எங்கே போகலாம்? – வாசகர், ஸ்லவ்

ப: பிள்ளைகள் இருந்தால் ஹாம்ப்ஷயரில் எக்ஸ்பரி. லயனல் டி ரோத்ஸ்சைல்ட் 1919-இல் வாங்கி உருவாக்கிய 200 ஏக்கர் தோட்டம், உள்ளே குட்டி நீராவி ரயிலும் ஓடுகிறது. பெரியவர்கள் மட்டும் என்றால் சசெக்ஸில் லெனர்ட்ஸ்லீ, மே முதல் பாதிக்குள். 1901-இல் அங்கே எட்மண்ட் லோடர் இமயத்து இனம் ஒன்றையும் சீனத்து இனம் ஒன்றையும் கலந்து உண்டாக்கிய லோடரி என்ற ரோடோடென்ட்ரான் பூக்கும் நேரம் அது. ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம், வெள்ளையில் லேசாக ரோஜா நிறம் ஓடும். மல்லிகை மாதிரி முகத்தில் வந்து மோதும் வாசனை இல்லை. மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பீர்கள், எங்கிருந்தோ இனிப்பாக வரும், பாதை ஒரு திருப்பம் திரும்பிய பிறகுதான் மரம் கண்ணில் படும்.