ஒன் டைம் பேடை உடைக்கவே முடியாது என்றால், சோவியத் உளவுத் தந்திகளை அமெரிக்கா எப்படிப் படித்தது? இன்றும் அந்த முறை பயன்படுகிறதா?

ஒன் டைம் பேடு என்பது, செய்தியை மறைக்க ஒரு தடவை மட்டும் பயன்படுத்த வேண்டிய எண்கள் அச்சடித்த தாள்கட்டு. அதை யாரும் உடைக்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் இருக்க வேண்டிய தாள்களை மாஸ்கோ இரண்டிரண்டாக அச்சடித்துவிட்டது. சோவியத் தந்திகளைப் படிக்க அமெரிக்கா நடத்திய வெனோனா திட்டம் முழுவதும் அந்தப் பிசகின் மேல்தான் நின்றது.

தந்தி எப்படித் தயாரானது என்று தெரிந்தால் ஓட்டை எங்கே என்பது புரியும். நியூயார்க் சோவியத் துணைத் தூதரகத்தில் இருந்த சங்கேத எழுத்தர், கையில் உள்ள குறியீட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் நான்கு இலக்க எண்ணாக மாற்றுவார். புத்தகத்தில் இல்லாத ஆங்கிலப் பெயர் வந்தால், 'இனி எழுத்துக்கூட்டிப் படி' என்று பொருள்படும் ஓர் எண்ணைப் போட்டு, எழுத்து எழுத்தாக எண்ணாக்கி, 'எழுத்துக்கூட்டல் முடிந்தது' என்று இன்னொரு எண்ணைப் போடுவார். பிறகு எல்லா எண்களையும் ஒட்டி, ஐந்து ஐந்து இலக்கமாக வெட்டுவார். பேடின் ஒரு பக்கத்தில் 60 ஐந்திலக்க எண்கள் இருக்கும். அவற்றை வரிசையாக எடுத்துத் தந்தியின் எண்களோடு கூட்ட வேண்டும். கூட்டும்போது பத்தை அடுத்த இடத்துக்கு ஏற்றக் கூடாது. 7-உம் 4-உம் சேர்ந்தால் 1, அவ்வளவுதான். கடைசியில் இலக்கங்களை எழுத்துகளாக்கிச் சாதாரணத் தந்தி நிறுவனம் மூலமாகவே மாஸ்கோவுக்கு அனுப்புவார்கள். போர்க்காலத் தணிக்கை இருந்ததால் நகல் அமெரிக்க ராணுவத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

பேடில் உள்ள எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாதவையாக இருந்து, பயன்படுத்திய பக்கம் எரிக்கப்பட்டால், இந்த முறை அசைக்க முடியாதது. எத்தனை கணினி வைத்தாலும் 'நாளை வா', 'நாளை வராதே' இரண்டும் சம வாய்ப்புள்ள விடைகளாகவே நிற்கும்.

இப்போது ஒரே பக்கம் இரண்டு தந்திகளுக்குப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பேடில் உள்ள எண் 48157. முதல் தந்தியின் உண்மையான எண் 73942. ஏற்றாமல் கூட்டினால் 11099. இரண்டாம் தந்தியின் எண் 20586; அதே 48157-ஐக் கூட்டினால் 68633. வழியில் பிடித்தவரிடம் இருப்பவை 11099, 68633 இரண்டு மட்டுமே. கடன் வாங்காமல் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 53466. உண்மையான எண்களான 73942, 20586 இரண்டையும் அதே போல் கழித்துப் பாருங்கள், அங்கேயும் 53466. பேடின் எண் மாயமாக மறைந்துவிட்டது! மிச்சமிருப்பது இரண்டு செய்திகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒன்றில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிந்தால் மற்றது தானாக வெளியே வரும்.

பிசகு நடந்தது 1942 தொடக்கத்தில். ஜெர்மன் படை மாஸ்கோவை நெருக்கிய காலம். பேடுகளுக்குத் தேவையோ எகிறியது. சில மாதங்களுக்குச் சுமார் 35,000 பக்கங்களை இரட்டையாக அச்சடித்தார்கள். ஒரே பேடை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடவில்லை. பக்கங்களைக் கலைத்து, வேறு எண்ணிட்டு, வேறு வேறு துறைகளுக்குப் பிரித்தனுப்பினார்கள். ஆகவே உளவுத் தந்தியின் ஜோடி, பெரும்பாலும் கப்பல் சரக்கு, தளவாடம் பற்றிப் பேசும் வணிகத் தந்திக்குள் ஒளிந்திருந்தது.

வர்ஜீனியாவில் அமெரிக்க ராணுவத்தின் சங்கேத உடைப்பு மையமாக இருந்த ஆர்லிங்டன் ஹாலில் 1943 பிப்ரவரி 1 அன்று ஜீன் கிரேபீல் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை இந்த வேலையைத் தொடங்கினார். அங்கே உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பெயர்கள் அரை நூற்றாண்டு வெளியே வராமலே போனது பெரிய அநியாயம். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஹாலக், ஆயிரக்கணக்கான வணிகத் தந்திகளின் தொடக்க எண்களைத் துளை அட்டைகளில் ஏற்றி ஒப்பிட்டு, இரட்டைப் பக்கங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். வணிகத் தந்திகள் ஒரே மாதிரி வாசகத்தில் தொடங்கியது கைகொடுத்தது. 1944 நவம்பரில் செசில் பிலிப்ஸ் அடுத்த கதவைத் திறந்தார். அந்த மே மாதம் முதல், எந்தப் பக்கம் என்று மாஸ்கோவுக்குச் சொல்வதற்காக, பக்கத்தின் முதல் எண்ணை எழுத்தர்கள் மறைக்காமல் தந்தியின் தலையிலேயே போட்டு வந்தார்கள். ஜோடி தேடுபவருக்கு அது முகவரிச் சீட்டு மாதிரி.

பேடு நீங்கினால் வேலை பாதிதான் முடியும். கையில் இருப்பது இன்னும் பொருள் தெரியாத நான்கிலக்க எண்கள். மெரடித் கார்ட்னர் குறியீட்டுப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமலே, சொல் சொல்லாக மீட்டெடுத்தார். நுழைவாசல் அந்த 'எழுத்துக்கூட்டு' எண்தான். ஆங்கிலப் பெயர்கள் இருக்கும் இடத்தை அதுவே காட்டிக்கொடுத்தது. 1946 டிசம்பரில் அவர் படித்த தந்தியில், அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. தந்தி 1944-இல் அனுப்பப்பட்டது.

எல்லாம் படிக்கப்பட்டதாக நினைக்க வேண்டாம். நியூயார்க்–மாஸ்கோ உளவுத் தந்திகளில் 1944-க்கு உரியவற்றில் 49 சதவீதம் ஓரளவாவது படிக்க முடிந்தது, 1942-இல் 1.8, 1945-இல் 1.5 மட்டுமே. இரட்டைப் பக்கங்கள் புழங்கிய காலத்தோடு வெற்றியும் வந்து போனது.

படித்த தந்தியிலும் புனைபெயர்கள்தான் இருக்கும். அங்கே ஆளைக் காட்டிக்கொடுப்பது சின்ன விவரம். 'ஹோமர்' யார் என்று பிரிட்டன் பல மாதம் திணறியது. 1944 ஜூன் மாதத் தந்தி ஒன்றில், அவர் மனைவி பிரசவத்துக்காக நியூயார்க்கில் தாய் வீட்டில் இருப்பதாக ஒரு வரி. அது பொருந்தியது பிரிட்டிஷ் தூதரக அதிகாரி டொனால்ட் மெக்லீனுக்கு. ஆனால் வெனோனா விவரங்களைப் பார்க்கும் இடத்தில், மாஸ்கோவுக்கு ரகசியமாக வேலை பார்த்த பிரிட்டிஷ் உளவு அதிகாரி கிம் ஃபில்பி இருந்தார். மெக்லீன் 1951 மே 25 அன்று தப்பிவிட்டார். அதற்கு முன்பே ஆர்லிங்டன் ஹாலுக்குள் இருந்த வில்லியம் வைஸ்பண்ட் மாஸ்கோவுக்குத் தகவல் கொடுத்திருந்தார். மாஸ்கோவால் புதிய முறைக்கு மாற முடிந்தது. அலமாரியில் கிடந்த பழைய தந்திகளை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. எனவே வேலை 1980 அக்டோபர் 1 வரை தொடர்ந்தது.

இந்த ரகசியத்தில் எனக்கு ஏற்கவே முடியாத பகுதி ஒன்று உண்டு. சோவியத்துக்கு உளவு பார்த்ததாகத் தண்டிக்கப்பட்ட ஜூலியஸ் ரோசன்பர்க்கின் மனைவி எத்தெல் பற்றிய 1944 நவம்பர் தந்தி, கணவரின் வேலை அவருக்குத் தெரியும் என்றும், உடல்நலக் குறைவால் அவர் வேலை செய்யவில்லை என்றும் சொல்கிறது. இந்தத் தந்தி நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1953 ஜூன் 19 அன்று இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. தந்திகளைப் பொதுமக்கள் பார்த்தது 1995-இல்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இப்படி எண்களாக மறைத்த செய்தியை உளவாளிக்குச் சிற்றலை வானொலியில் வாசித்து அனுப்பும் பழக்கம் போர்க்காலத்தோடு ஒழியவில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு உளவு அமைப்பில் இருந்துகொண்டு கியூபாவுக்கு வேலை பார்த்த அனா மான்டெஸ், சாதாரண ரேடியோவில் எண்களைக் கேட்டு, மடிக்கணினியில் தட்டி, தனி வட்டில் இருந்த நிரலால் செய்தியாக்கினார். முடிந்ததும் தடயத்தை அழிக்கும் நிரலை ஓட்ட வேண்டும் என்பது ஹவானாவின் கட்டளை. அது முழுமையாக நடக்கவில்லை. 2001-இல் எஃப்பிஐ அந்தக் கணினியை நகலெடுத்தபோது, 30107, 24624 என்று தொடங்கும் எண்வரிசை அதில் கிடந்தது. 1999 பிப்ரவரி 6 அன்று 7887 கிலோஹெர்ட்ஸில் ஒரு பெண் குரல் ஸ்பானிய மொழியில் வாசித்த 150 எண்கள் தொடங்கியதும் இதே இரண்டில்தான்.