வீட்டில் பாட்டுக் கேட்க டாக் (DAC), ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் இரண்டும் வாங்க வேண்டுமா?

செல்போனிலும் கணினியிலும் பாட்டு வெறும் எண்களாகவே இருக்கிறது. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டாக், அந்த அலைக்கு ஹெட்ஃபோனை இயக்கும் வலுவைக் கொடுப்பது ஆம்ப்ளிஃபயர். வாசலில் வைத்த புள்ளிகளை இணைத்துக் கோலமாக்குவது போன்றது டாக்கின் வேலை. ஆம்ப்ளிஃபயரோ மோட்டாரைப் போன்றது: வண்ணாரப்பேட்டையில் தரைத்தளக் குழாயில் தானாக வரும் தண்ணீர், மூன்றாம் மாடிக்கு மோட்டார் போட்டால்தான் ஏறும்.

ஹெட்ஃபோனின் மின்மறுப்பை, அதாவது மின்சாரத்தை அது எவ்வளவு தடுக்கிறது என்பதை, ஓமில் அளக்கிறார்கள். 32 ஓம் இயர்ஃபோன்கள் பெரும்பாலும் தரைத்தளம், மோட்டார் தேவையில்லை. 300 ஓம் ஹெட்ஃபோனுக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். ஆனால் ஓம் மட்டும் போதாது, உணர்திறனையும், அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழுப்புகிறது என்பதையும், பார்க்க வேண்டும். உங்கள் போனில் ஒலியளவை முக்கால் பங்கு வைத்தாலே காது நிறைகிறது என்றால், ஆம்ப்ளிஃபயருக்குக் காசு செலவழிக்காதீர்கள் என்றே சொல்வேன்.

மடிக்கணினியில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் காதில் மெல்லிய 'கிர்ர்' ஒலி கேட்டால், அது உள்ளிருக்கும் மின்இரைச்சல்; சிறிய யூஎஸ்பி டாக் ஒன்றே பெரும்பாலும் அதைத் தீர்த்துவிடும். பர்மா பஜாரில் வாங்குவதானால் சொந்த ஹெட்ஃபோனையே கொண்டுபோய், பாட்டை நிறுத்திவிட்டு இரைச்சல் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு (ஹெட்ஃபோனைச் செருகும் இடத்தில் கருவிக்குள்ள ஓம் அளவு), ஹெட்ஃபோனுடையதில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது.

பெட்டியில் '384 கிலோஹெர்ட்ஸ்', அதாவது நொடிக்கு 3,84,000 ஒலிப் புள்ளிகள், என்று போட்டிருந்தால் ஒலி துல்லியமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும், அதற்கு அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலான, சிடியின் நொடிக்கு 44,100 புள்ளிகளே போதும்.