சூடானதும் டிரம் திணறுகிறதா? பம்பை உடனே மாற்றாதீர்கள்

காலையில் நன்றாகச் சுற்றும் கான்கிரீட் மிக்சர் லாரி டிரம், ஆயில் சூடானதும் லோடோடு திணறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எஞ்சின் பம்பைச் சுழற்ற, பம்பு தள்ளும் ஆயில்தான் டிரம்மைச் சுற்றும் ஹைட்ராலிக் மோட்டாரைத் திருப்புகிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகிறது. சூட்டில் ஆயில் இளகிவிடும். பம்புக்கோ மோட்டாருக்கோ உள்ளே பிஸ்டன்கள் தேய்ந்திருந்தால், அந்த இடைவெளி வழியே ஆயில் வேலை செய்யாமலே கசிந்து கேஸுக்குள் (வெளிக்கூட்டுக்குள்) போய்விடும். குளிர்ந்திருக்கும்போது குறை தெரியாதது அதனால்தான்.

முதலில் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைப் பாருங்கள், சிமெண்ட் தூசு அடைத்திருக்கலாம். ஃபில்டரையும்தான். அவை சரி என்றால், ஆயில் சூடாக இருக்கும்போதே சார்ஜ் பிரஷரையும் (பம்புக்கு ஆயில் ஊட்டும் சிறு பம்பின் அழுத்தம்), பம்பு, மோட்டார் இரண்டின் கேஸ் டிரெயின் அளவையும் (கேஸிலிருந்து வெளியேறும் கசிவு ஆயில்) தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். மோட்டாரில் ஃபிளஷிங் வால்வு (சூடான ஆயிலில் கொஞ்சத்தை வெளியேற்றும் வால்வு) இருந்தால் அதன் ஆயிலும் மோட்டாரின் கேஸ் டிரெயினில் சேர்ந்து வரும். அதைக் கழித்துவிட்டுத்தான் எது தேய்ந்திருக்கிறது என்ற முடிவுக்கு வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது எந்த ஹோஸையும் தளர்த்திவிடாதீர்கள், தயவுசெய்து.