ஜெர்மனியில் கால்பந்து பார்க்க ஒரு வாரம் கிடைத்தால் எங்கே போகலாம்?

கேட்டவர் வேலை விஷயமாக ஜெர்மனி வருகிறார். ஒரு வாரம் லீவு கையில் இருக்கிறது, பேயர்ன் மியூனிக் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, வேறு எங்கே போகலாம் என்கிறார்.

ஜெர்மனியின் மேற்கே, பழைய சுரங்க ஊர்கள் நெருங்கி இருக்கும் ரூர் பகுதிக்குப் போங்கள். ஒரு நாளை மட்டும் பெர்லினுக்கு ஒதுக்குங்கள். மியூனிக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் 2023 ஆகஸ்ட் கடைசியில் வேலைக்காக எஸ்ஸன் நகரத்துக்கு வந்தேன், இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் 31 ஸ்டேடியங்களில் ஆட்டம் பார்த்திருக்கிறேன். இப்படி ஸ்டேடியம் ஸ்டேடியமாகச் சுற்றுபவர்கள் அங்கே நிறைய பேர் உண்டு, அதற்கு 'கிரவுண்ட்ஹாப்பிங்' என்றே பெயர். எஸ்ஸன், போகும், கெல்சன்கிர்ஷன், டோர்ட்முண்ட் எல்லாமே உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கம். அதனால் ஒரு வாரத்தில் மூன்று ஆட்டம் பார்ப்பது அங்கே பெரிய விஷயமே இல்லை.

எல்லாரையும் போல நானும் முதலில் போனது டோர்ட்முண்டுக்குத்தான். 81,365 பேர் கொள்ளும் ஸ்டேடியம், ஜெர்மனியில் அதுதான் பெரிது. அதன் தெற்குப் பக்கத்தில் 24,454 பேர் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். 'மஞ்சள் சுவர்' என்று டிவியில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டிவியில் தெரியாதது அதன் செங்குத்து. 37 டிகிரி சரிவு என்பதால் உங்கள் முன்னால் நிற்பவரின் தலை உங்களை மறைக்காது. கோல் விழுந்ததும் மேலே இருந்து ஒரு அலை இறங்கி வரும், கால் ஓர் இடத்தில் நிற்காது. அந்தச் சுவரில் இடம் கிடைப்பது கஷ்டம், பெரும்பாலும் சீசன் டிக்கெட்காரர்கள்தான். வேறு பக்கம் உட்கார இடம் கிடைத்தாலும் வாங்கிவிடுங்கள். சுவரை எதிரே இருந்து பார்ப்பதும் ஒரு அனுபவம்தான்.

ஆனால் ஒரே ஓர் ஆட்டம்தான் பார்க்க முடியும் என்றால் நான் டோர்ட்முண்டைச் சொல்ல மாட்டேன். கெல்சன்கிர்ஷனைச் சொல்வேன். அந்த ஊர் கிளப்தான் ஷால்கே 04.

எஸ்ஸனிலிருந்து ரயிலில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கெல்சன்கிர்ஷன் வந்துவிடும். ஸ்டேஷனுக்கு வெளியே 302ஆம் நம்பர் டிராம். ஆட்ட நாளில் அந்த டிராம் முழுக்க நீலம்தான். பாட்டி, பேரன், பேரனின் நண்பன், எல்லார் கழுத்திலும் நீல வெள்ளை மஃப்ளர். வழியில் ஷால்கே என்ற பேட்டையைக் கடந்து போவீர்கள், கிளப் பிறந்த இடம் அதுதான். முடிந்தால் இறங்கி நடந்து பாருங்கள். கடை ஷட்டர்களிலும் சுவர்களிலும் நீலப் பெயின்ட். பக்கத்திலேயே பழைய மைதானம், 1928இல் கட்டியது. அதன் பெயர் 'க்ளூக் ஆஃப்' மைதானம். க்ளூக் ஆஃப் என்பது சுரங்கத் தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து. குழிக்குள் இறங்குபவன் நல்லபடியாக மேலே வர வேண்டும் என்ற நினைப்பு அதில் உண்டு.

அந்த ஊரே நிலக்கரியால் வளர்ந்தது. கிளப்பின் ஆட்டக்காரர்களுக்கு இன்றும் 'சுரங்கத்தார்' என்றுதான் செல்லப் பெயர். 1934 முதல் 1942 வரை ஷால்கே ஆறு முறை ஜெர்மன் சாம்பியன். அந்த அணியின் நட்சத்திரம் எர்ன்ஸ்ட் குசோரா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1958இல் ஏழாவது பட்டம். அதோடு சரி, அதற்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. சுரங்கங்களும் ஒவ்வொன்றாக மூடின. ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்தில் உள்ள போட்ராப் ஊரில் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. இன்று கெல்சன்கிர்ஷன் ஜெர்மனியின் ஏழை நகரங்களில் ஒன்று. ஊரின் மக்கள் தொகை சுமார் இரண்டரை லட்சம். கிளப்பின் உறுப்பினர் எண்ணிக்கையோ ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

நான் போனபோது ஷால்கே இரண்டாம் பிரிவில் இருந்தது. 2023இல்தான் மேல் பிரிவிலிருந்து இறங்கியிருந்தது. எதிரணியும் பெரிய பெயர் இல்லை. அன்று சாரல் வேறு. ஸ்டேடியம் பாதி காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அறுபதாயிரம் பேர் இருந்தார்கள். அந்த சீசன் முழுக்கச் சராசரியே அப்படித்தான்.

வீரர்கள் மைதானத்துக்குள் வரும் வழியை சுரங்கப் பாதை மாதிரி கட்டியிருக்கிறார்கள், கறுப்புப் பாறைச் சுவர், மங்கலான விளக்கு. ஆட்டம் தொடங்கும் முன் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய பாட்டு ஒன்று ஒலிக்கும். மேஸ்திரி வருகிறார், இரவு வேலைக்காகத் தன் விளக்கை ஏற்றிவிட்டார் என்று போகும் பாட்டு. அறுபதாயிரம் பேர் மஃப்ளரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு அப்போது ஜெர்மன் பாதிதான் புரியும். என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். ஜீன்ஸ் துணியில் தைத்த கையில்லாத சட்டை, அதில் இடமே தெரியாத அளவுக்கு ஒட்டுத்துணி பேட்ஜுகள். அவர் சத்தமாகப் பாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அப்பாவும் தாத்தாவும் குழியில் வேலை பார்த்தவர்கள் என்று பிறகு சொன்னார். எனக்கு இன்றும் அந்தப் பாட்டைக் கேட்டால் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இடைவேளையில் அவரிடம் 2001 பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, ஆனால் அவர் முழுக்கச் சொன்னார். 2001 மே 19, சீசனின் கடைசி நாள். ஷால்கே தன் ஆட்டத்தில் உன்டர்ஹாஹிங் அணியை 5-3 என்று வென்றுவிட்டது. ஹாம்பர்க்கில் பேயர்ன் 90ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி 0-1 பின்தங்கியது. அப்படியே முடிந்தால் ஷால்கே சாம்பியன். அந்த ஆட்டமும் முடிந்துவிட்டது என்று தவறான செய்தி பரவி, ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். உண்மையில் ஹாம்பர்க்கில் ஆட்டம் முடியவில்லை. தன் அணி வீரரே தள்ளிய பந்தை ஹாம்பர்க் கோல்கீப்பர் கையால் எடுத்தார், அது விதிமீறல் என்பதால் பேயர்னுக்கு பெனால்டி பகுதிக்குள் ஃப்ரீ கிக். பாட்ரிக் ஆண்டர்சன் அடித்த பந்து வரிசையாக மறித்து நின்ற வீரர்களைத் துளைத்து உள்ளே போனது, 94ஆவது நிமிடம். பட்டம் பேயர்னுக்கு. ஷால்கே சாம்பியனாக இருந்தது நாலரை நிமிடம். அந்த கோல்கீப்பர் மத்தியாஸ் ஷோபர் ஷால்கேயில் வளர்ந்தவர் என்பதை மட்டும் பெரியவர் இரண்டு தடவை சொன்னார். மைதானத்தில் ஒரு பெரிய திரையில் அந்த ஃப்ரீ கிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாராம், பக்கத்தில் பத்து வயது மகன். அந்த மகன் அன்று எங்களுக்கு இரண்டு படி கீழே, தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஆட்டம் 1-1. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

சரி, பெர்லின். அங்கே ஒலிம்பிக் ஸ்டேடியம் பெரியது, வரலாறு உண்டு, பார்க்கலாம். ஆனால் ஆட்டத்துக்கு யூனியன் பெர்லின். கோப்பெனிக் ஸ்டேஷனில் இறங்கி, மரங்களுக்கு நடுவே ஒரு காட்டுப் பாதையில் நடந்து போக வேண்டும். 22,012 பேர் கொள்ளும் சின்ன ஸ்டேடியம், அதில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நின்றுதான் பார்க்கிறார்கள். 2008இல் அந்த ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கக் கிளப்பிடம் பணம் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் லீவு போட்டு வந்து, ஏறக்குறைய 1,40,000 மணி நேரம் கூலி வாங்காமல் வேலை செய்து கட்டினார்கள். வெளியே அவர்களுக்கு ஒரு நினைவுத் தூண், உச்சியில் கட்டட வேலைக்காரரின் சிவப்புத் தொப்பி. அதற்கு நாலு வருடம் முன்னால், லீக்கில் ஆடுவதற்கான லைசென்ஸுக்குக் கட்ட வேண்டிய பணம் இல்லாமல் கிளப் தவித்தபோது, ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுத்தார்கள்.

2019இல் யூனியன் முதல் முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவான புண்டஸ்லிகாவுக்கு வந்தது. முதல் ஆட்டத்தன்று, இந்த நாளைப் பார்க்காமலே இறந்துபோன தங்கள் அப்பா, அம்மா, நண்பர்களின் பெரிய படங்களை ரசிகர்கள் நூற்றுக்கணக்கில் தூக்கிப் பிடித்தார்கள். அன்று 0-4 தோல்வி. நான் அப்போது ஜெர்மனியிலேயே இல்லை, அந்தப் படங்களை போனில்தான் பார்த்தேன். ஜெர்மன் கால்பந்தை ஒழுங்காகக் கவனிக்கத் தொடங்கியதே அன்றுதான்.

இந்த மனிதர்களுக்கு இவ்வளவு உரிமை எப்படி வந்தது என்று கேட்டால், 50+1 என்ற விதியைச் சொல்ல வேண்டும். எந்தப் பணக்காரர் எவ்வளவு பணம் போட்டாலும், வாக்குகளில் பாதிக்கு மேல் கிளப்பின் உறுப்பினர்கள் கையில்தான் இருக்க வேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. லெவர்குசன் 2024இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் பட்டம் வென்றதை நானும் ரசித்தேன், அது வேறு விஷயம். விதி என்னவோ விதிதான். டிக்கெட் விலை ஏறாமல் இருப்பதற்கும் நிற்கும் இடங்கள் இன்னும் இருப்பதற்கும் இந்த விதி பெரிய காரணம் என்பது என் எண்ணம். நான் வாங்கிய நிற்கும் டிக்கெட்டுகளில் பெரும்பாலானவை இருபது யூரோவுக்குக் கீழேதான்.

அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தியதை நேரிலேயே பார்த்தேன். 2023 டிசம்பரில் லீக் நிர்வாகம் வருங்கால ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க முடிவெடுத்தது. ரசிகர்கள் முதலில் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் வாயே திறக்காமல் நின்றார்கள். அத்தனை ஆயிரம் பேர் நடுவே பந்தை உதைக்கும் சத்தமும் கோல்கீப்பரின் கூப்பாடும் மட்டும் கேட்பது விநோதமாக இருந்தது. பிறகு டென்னிஸ் பந்துகள். ஜனவரி, பிப்ரவரியில் வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்து மழை, ஆட்டம் நிற்கும், வீரர்களே பொறுக்கிப் போடுவார்கள். ஓர் ஆட்டத்தில் குளிரில் அரை மணி நேரம் காத்திருந்தேன். என்னைச் சுற்றி யாரும் சலித்துக்கொள்ளவில்லை. பிப்ரவரி 21 அன்று நிர்வாகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்த நாள் அலுவலகத்தில் கால்பந்தே பார்க்காத ஒரு சக ஊழியர்கூட என்னிடம் வந்து கைகொடுத்தார்.

டூசல்டார்ஃப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபோர்ட்டூனா டூசல்டார்ஃப் சில ஆட்டங்களுக்கு எல்லா டிக்கெட்டையும் இலவசமாகக் குலுக்கலில் கொடுத்தது. 2023 அக்டோபரில் நடந்த முதல் இலவச ஆட்டத்துக்கு நான் விண்ணப்பித்தேன், கிடைத்தது. கைஸர்ஸ்லௌடர்ன் அணி 3-0 என்று முன்னிலை. கடைசியில் ஃபோர்ட்டூனா 4-3 என்று வென்றது. காசு கொடுத்தாலும் அப்படி ஓர் ஆட்டம் அமையாது.

இனி உங்கள் பயணத்துக்கு. இரண்டாம் பிரிவு ஆட்டம் சனிக்கிழமை மதியம் 1 மணிக்கும் இரவு 8.30க்கும், முதல் பிரிவு மாலை 3.30க்கும் 6.30க்கும் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பார்க்கலாம், நான் நாலு தடவை பார்த்திருக்கிறேன். டிக்கெட்டைக் கிளப்பின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். விற்றுத் தீர்ந்திருந்தாலும், வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட் அங்கேயே ஆட்டத்துக்கு முந்தின நாள் வரை வரும். பல கிளப்புகளில் ஆட்ட டிக்கெட்டே அன்றைய உள்ளூர் டிராம், ரயிலுக்கும் செல்லும். டிக்கெட்டின் பின்பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள். பியர், காபி கப்புக்கு முன்பணம் வாங்குவார்கள், கப்பைத் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும். கோல் விழுந்ததும் அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரைச் சொல்வார், குடும்பப் பெயரைக் கூட்டம் கத்தும். அதற்கு முன்பே ஆட்டக்காரர் பெயர்களைப் படித்து வைத்துக்கொண்டு போனால் நீங்களும் கத்தலாம். டோர்ட்முண்ட் மஞ்சளைக் கெல்சன்கிர்ஷனில் போடாதீர்கள், ஷால்கே நீலத்தை டோர்ட்முண்டில் போடாதீர்கள். டோர்ட்முண்ட் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே ஜெர்மன் கால்பந்து மியூசியம் இருக்கிறது, ஆட்டம் இல்லாத நாளில் அரை நாள் தாராளமாகப் போகும்.

ராத்திரி ஆட்டம் என்றால் திரும்பும் ரயிலுக்கு மாற்று வழி யோசித்து வையுங்கள். ஒருமுறை என் கடைசி ரயில் ரத்தாகிவிட்டது, பிளாட்ஃபாரத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன். அன்று தோற்றுப்போன அணியின் ரசிகர்கள் நாலு பேர் தங்கள் பையிலிருந்து ரொட்டியும் ஃபிளாஸ்கில் டீயும் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஊர் போய்ச் சேர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.

இன்னொன்று, எந்த ஆட்டம் வெள்ளி, எது சனி, எது ஞாயிறு என்பது சில வாரங்களுக்கு முன்புதான் உறுதியாகும். அதுவரை விமானம் மட்டும் எடுங்கள், ஓட்டலையும் தூர ரயிலையும் பிறகு போடுங்கள். எந்த வாரம் வருகிறீர்கள் என்று கீழே எழுதினால், அந்த வார அட்டவணையைப் பார்த்து எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகலாம் என்று வரிசைப்படுத்தித் தருகிறேன்.